சத்தியத்தை உண்பதா, எடுப்பதா?

பிறமொழி கற்கும் மாணாக்கர் எந்த நாட்டினராயினும் அவர் கையில் ஒரு கொப்பி இருக்கும். ஏட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்புறம் ஆங்கிலச் சொல். வலப்புறம் தாய்மொழிச் சொல். நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று மனனஞ் செய்தால் வருட முடிவில் ஆங்கிலம் கைவந்துவிடும் என்பது அக்கொப்பியின் நம்பிக்கை. பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மேசை மேசைதான், குடை குடைதான். வினைச்சொற்களிலேதான் வில்லங்கம் தொடங்குகிறது. அதிலும் ஆங்கிலேயன் நாள்தோறும் நூறு முறை வழங்கும் சின்னஞ்சிறு வினைகளே பெருந்தொல்லை தருவன. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். 'டேக்' என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்தார் நாவில் அது 'ரேக்' என்று ஒலிக்கும்; பொருளில் வேறுபாடில்லை.

நம் மாணாக்கர் கொப்பியில் இதற்கு நேரே 'எடு' என்றிருக்கும். ஆயினும் இம்முறை நம் கொப்பியை மூடிவைத்துவிட்டு, லாகூரிலோ கராச்சியிலோ படிக்கும் ஒரு மாணாக்கனின் கொப்பியைத் திறந்து பார்ப்போம். அவன் எழுதியிருப்பது உருது மொழியில். 'டேக்' என்பதற்கு நேரே 'லேனா' என்றிருக்கும். பிறன் இடறும் இடத்தை நின்று பார்த்தவனுக்குத் தன் வழியிலுள்ள கல்லும் கண்ணிற்படும் என்பதே இதற்குக் காரணம். அன்றியும் உருது நமக்கு முற்றும் அந்நியமானதன்று. வட ஆர்க்காட்டு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழும் உருதும் ஒரே தெருவில் வழங்குகின்றன. நாம் அரசாங்க அதிபரின் பணிமனையைக் 'கச்சேரி' என்று சொல்கிறோமே, அச்சொல்லும் இந்துஸ்தானியிலிருந்து வந்ததே. பாக்கி, ஜாமீன், ராஜினாமா, சிபாரிசு என்பனவும் அவ்வழியே வந்து நம்மோடு குடியேறியவை.

அந்த மாணாக்கனின் நிலையையும் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாக உடையோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டில் பஞ்சாபியோ பஷ்தூவோ சிந்தியோ பேசுபவன் பள்ளியில் உருது படிக்கிறான். உருது வழியாக ஆங்கிலத்துக்கு ஏறுகிறான். 1973ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு உருதுவே தேசிய மொழியென்றும், பதினைந்தாண்டுக்குள் அது அரசகரும மொழியாக ஆவன செய்யப்படல் வேண்டுமென்றும் விதித்தது. 2015 செப்டம்பர் 8ஆந் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை இனியேனும் நிறைவேற்றுக என்று கட்டளையிட்டது. ஆனால் மத்திய அரசின் உயர் உத்தியோகங்களுக்குரிய போட்டிப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரைக்கு நூறு புள்ளி, ஆங்கிலச் சுருக்கத்துக்கும் வாசக அமைப்புக்கும் நூறு புள்ளி, இரண்டும் கட்டாயம். ஒன்றில் தவறினாலும் மற்றப் பாடங்களில் ஈட்டிய புள்ளியெல்லாம் வீண். சட்டம் உருது என்கிறது. சம்பளம் ஆங்கிலம் என்கிறது. ஒரு சின்ன வினைச்சொல்லைத் தவறாக ஆள்வதால் அவனுக்கு வரும் நட்டம் சின்னதன்று.

உட்புகுமுன் எழுத்தைப் பற்றி ஒரு சொல். உருதுவில் 'கானா' என்றால் உண்ணுதல். 'கானா' என்றால் பாடுதல். முன்னதன் ககரத்தை மூச்சோடும், பின்னதன் ககரத்தைத் தொண்டை அதிரவும் சொல்லவேண்டும். நம் ககரம் இரண்டையும் ஒரே பாயில் படுக்க வைத்துவிடுகிறது. இக்கட்டுரையில் 'கானா' என்று வருமிடமெல்லாம் மூச்சோடு கூடியது என்றே கொள்க. பாட்டுக்கு இங்கே இடமில்லை.

முதலில் லாகூர் மாணாக்கனுக்கு எல்லாம் சுகமாகவே செல்கிறது. ஆங்கிலேயன் மூச்சை எடுக்கிறான். உருதுவிலும் 'ஸான்ஸ் லேனா'. பழிக்குப் பழி வாங்குவது 'பத்லா லேனா'. கடன் படுவது 'கர்ஸ் லேனா'. ஒரு காரியத்தில் ஈடுபாடு கொள்வது 'தில்சஸ்பீ லேனா'. ஒரு சொல்லை மனத்தில் வைத்து வருந்துவதுகூட இரு மொழியிலும் ஒன்றாகவே அமைகிறது. கொப்பியின் மேல் நம்பிக்கை வளர்கிறது. அப்பொழுதுதான் ஒரு நாள் 'சத்தியம் செய்தல்' என்ற கருத்து வந்து குறுக்கே நிற்கிறது.

ஆங்கிலேயன் சத்தியத்தை எடுக்கிறான். நாம் சத்தியம் செய்கிறோம், அல்லது ஆணையிடுகிறோம். உருதுக்காரரோ சத்தியத்தை உண்கின்றனர்! 'கஸம் கானா' என்பது அவர் வழக்கு. 'கஸம்' ஆணை, 'கானா' உண்ணல். 'உஸ் நே கஸம் காயீ' என்றால் 'அவன் ஆணையிட்டான்' என்பது பொருள். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் 'அவன் தன் சத்தியத்தை உண்டான்' என்று வரும். வெறும் நகைப்போடு இது போய்விடுமாயின் கவலையில்லை. ஆங்கிலத்தில் ஒருவன் தன் சொல்லை உண்டான் என்றால், சொன்னதை மீட்டுக்கொண்டான், தான் சொன்னது பிழையென்று தலைகுனிந்தான் என்பதே பொருள். ஆகவே 'சத்தியத்தை உண்டான்' என்று ஓர் ஆங்கிலேயன் கேட்டால், சத்தியத்தைக் கைவிட்டான் என்றே எண்ண இடமுண்டு. உருதுவில் உறுதி, ஆங்கிலச் செவியில் உறுதிமொழியின் முறிவு. ஒரு வினை நேர்மாறான பொருளுக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

சத்தியத்தை ஏன் உண்ணவேண்டும்? இதற்கு வேர் பாரசீகத்தில் இருக்கிறது. உருதுவின் உண்ணும் வழக்குகளிற் பல பாரசீக வழக்கின் நேர்ப்பெயர்ப்புகள். பாரசீகர் 'ஸவ்கந்த் கோர்தன்' என்பர். 'கோர்தன்' என்பது உண்ணலுக்கும் பருகலுக்கும் பொதுவான வினை. பண்டைய ஈரானில் குற்றஞ்சாட்டப்பட்டவன் கந்தகங் கலந்த நீரைப் பருகித் தன் உண்மையை நிலைநாட்டும் சோதனை ஒன்று இருந்ததென்றும், 'ஸவ்கந்த்' என்ற சொல் அக்கந்தக நீரின் பெயரிலிருந்தே வந்ததென்றும் மொழிநூலறிஞர் கருதுவர். அவ்வாறாயின் முதலில் சத்தியத்தை மெய்யாகவே வாயால் விழுங்கினார்கள் என்றாகிறது! நீர் மறைந்தது; வினை மட்டும் எஞ்சி நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. அமைச்சரோ நீதிபதியோ பதவியேற்கும்போது செய்யும் உறுதிமொழியை உருது உண்பதில்லை. 'ஹலஃப் உட்டானா' என்று அதைத் தூக்குகிறது. தாய்மேல் ஆணை, தலைமேல் ஆணை என்று வீட்டிலும் வீதியிலும் இடுவன உண்ணப்படுவன. அரசாங்க மேடையில் இடுவது தூக்கப்படுவது. ஆங்கிலத்துக்கோ இரண்டும் ஒன்றே.

உண்ணத் தொடங்கிய உருது அத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலேயன் எதையெதை எடுக்கிறானோ அவற்றிற் பலவற்றை உருதுக்காரர் தின்றுவிடுகின்றனர். அடி வாங்குவது 'மார் கானா'. மாலையில் உலாவப் போய்க் காற்று வாங்குவது 'ஹவா கானா'. ஒருவர்மீது இரங்குவது 'தர்ஸ் கானா'. பிறர் வஞ்சகத்தில் விழுந்து ஏமாறுவது 'தோகா கானா'. ஆங்கிலேயன் இதை 'உள்ளே எடுக்கப்பட்டான்' என்று கூறும் வேடிக்கையையும் கவனிக்க. கல்லில் இடறுவது 'டோக்கர் கானா'. போரில் தோற்பது 'ஷிகஸ்த் கானா'. துயரப்படுவதும், துயரை அடக்கிப் பொறுத்திருப்பதும் 'கம் கானா'. இந்தக் 'கம்' தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. சாதாரணக் ககரத்தோடு சொன்னால் 'கொஞ்சம்' என்று பொருள்படும். கொஞ்சம் உண்பதும் துயரை உண்பதும் நன்று என்று அந்நாட்டு மூதாட்டியர் சொல்லும் பழமொழி இவ்விரு ஒலிகளையும் வைத்துப் பின்னியதே. தமிழெழுத்தில் எழுதினால் அதன் சுவை முழுதும் போய்விடும்.

கைலஞ்சம் ஒன்றைத் தனியே எடுத்துப் பேசவேண்டும். அதற்கு உருதுவில் இரண்டு வழக்கும் உள்ளன: 'ரிஷ்வத் லேனா' என்றும் சொல்லலாம், 'ரிஷ்வத் கானா' என்றும் சொல்லலாம். முன்னது நடந்ததைச் சொல்கிறது. பின்னது நடந்ததைச் சொல்லிக் காறித் துப்புகிறது. கோயிற் சொத்தை எடுத்தான் என்பதற்கும் கோயிற் சொத்தைத் தின்றான் என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடுதான் இது. ஆங்கிலத்தின் 'டேக்' என்ற சொல்லில் அந்த வெறுப்பு இல்லை. வெறுப்பைக் காட்ட விரும்பும் ஆங்கிலேயன் அதற்கு வேறு சொல்லைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை வாசித்த தமிழ் நேயர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஆங்கிலேயன் எடுப்பதையும் உருதுக்காரர் உண்பதையும் நாம் 'வாங்கி'விடுகிறோம்! காற்று வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், ஏச்சு வாங்குகிறோம், கைலஞ்சமும் வாங்கப்படுவதே. மூன்று மொழியும் ஒரே சந்தைக்குப் போய், ஒருவர் எடுத்துக்கொண்டும் ஒருவர் தின்றுகொண்டும் ஒருவர் வாங்கிக்கொண்டும் வருவது போலிருக்கிறது. ஆனால் உண்ணும் வழக்கு தமிழில் இல்லையென்று எவரும் எண்ணவேண்டாம். 'இன்றைக்கு நீ அடி தின்னப் போகிறாய்' என்று பிள்ளையை அதட்டாத வீடு யாழ்ப்பாணத்தில் இருக்குமா? இலக்கண நூலைத் திறந்தாலும் அதுவே. செயப்பாட்டு வினைக்குப் 'படு' என்பதோடு 'உண்' என்பதும் துணைவினையாக வரும் என்று ஆசிரியர் கற்பிக்கின்றார். கட்டுண்டான், தள்ளுண்டான், வெட்டுண்டான், சிலுவையில் அறையுண்டார் என்பனவெல்லாம் இவ்வகையின. கொலையுண்டவரைப் பற்றி நாளேட்டில் வாசிக்கும்போது அங்கே ஓர் உண்ணல் இருப்பது நம் நினைவுக்கு வருவதில்லை. சிங்களத்திலும் அடி வாங்குவதைக் 'குட்டி கனவா' என்பர். 'கனவா' என்பது உண்ணும் வினையே. உருதுவும் சிங்களமும் ஒரு குடும்பம். தமிழ் வேறு குடும்பம். எனினும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்த மொழிகள் குடும்பம் பாராது குணங்களைக் கொண்டும் கொடுத்தும் வருவதை எமனோ என்ற பேராசிரியர் 1956இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

வாங்கும் வழக்காலே நமக்கு வரும் ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓயாது தொந்தரவு செய்பவனை 'என் உயிரை வாங்குகிறான்' என்கிறோம். உருதுவில் 'ஜான் கானா', உயிரைத் தின்னல். இரு மொழியாரும் ஒருவரையொருவர் உடனே விளங்கிக்கொள்வர். இதையே 'டேக்' என்ற வினையால் ஆங்கிலத்தில் எழுதினால், தொந்தரவு செய்தவன்மேல் கொலைக்குற்றம் சாட்டியதாகும்! வகுப்பறையில் இது சிரிப்பு. பொலிசு நிலையத்தில் முறைப்பாட்டை மொழிபெயர்ப்பவர் இப்படி எழுதிவிட்டால் சிரிப்பன்று.

இதனினும் வஞ்சகமான குழி பரீட்சையில் இருக்கிறது. பரீட்சை நடத்துபவர் யார், அதற்குத் தோற்றுபவர் யார் என்பதில் ஆங்கிலமும் உருதுவும் நேரெதிராக நிற்கின்றன. ஆங்கிலத்தில் பரீட்சையை எடுப்பவன் மாணாக்கன். அதைக் கொடுப்பவர் ஆசிரியர். உருதுவில் மாணாக்கன் பரீட்சையைக் கொடுக்கிறான், 'இம்திஹான் தேனா'. ஆசிரியர் அதை எடுக்கிறார், 'இம்திஹான் லேனா'. எண்ணிப் பார்த்தால் உருதுவின் கருத்தே நியாயமாகவும் படுகிறது. விடையைக் கொடுப்பவன் மாணாக்கன். வாங்கித் திருத்துபவர் ஆசிரியர். ஆங்கிலமோ வினாத்தாளை மனத்திற் கொண்டு பேசுகிறது. அதைக் கொடுப்பவர் ஆசிரியர், எடுப்பவன் மாணாக்கன். இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. ஆனால் லாகூர் மாணாக்கன் 'நான் சென்ற மாதம் பரீட்சை கொடுத்தேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், இங்கிலாந்திலிருந்து வந்தவர் அவனை ஓர் உபாத்தியாயர் என்று எண்ணிக்கொள்வார். பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் இவ்வழக்கு மிகப் பரவியிருக்கிறது. பரவியமையால் அந்நாட்டாருக்குள் எவரும் தடுமாறுவதில்லை. கடல் கடந்த பின்னரே தடுமாற்றம். நம் பிள்ளைகள் 'சோதனை எடுத்தேன்' என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தக் குழியை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துச் செல்லலாம். தேநீரை ஆங்கிலேயன் எடுத்தாலும் உருதுக்காரர் குடிக்கவே செய்வர். மருந்தும் அப்படியே: நீர்மருந்தானால் குடித்தல், குளிசையானால் உண்ணல். 'தவா கானா' என்று பிரித்துச் சொன்னால் மருந்துண்ணல்; 'தவாகானா' என்று சேர்த்துச் சொன்னால் மருந்துச்சாலை. அந்தக் 'கானா' வீடு அல்லது இடம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். உருது எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வரிவடிவம் உண்டு. நேரத்தை ஆங்கிலம் எடுக்கிறது, உருதுவில் நேரம் 'ஒட்டுகிறது', நம்மிடம் இரண்டு மணித்தியாலம் செல்கிறது. தொப்பியைக் கழற்றுவது 'உதார்னா', இறக்குதல். ஆகாய விமானம் கிளம்புவதற்கு 'உடான் பர்னா' என்பர். பறத்தலை நிரப்புதல் என்பது அதன் நேர்ப்பொருள். புகைப்படத்தை அவர்கள் இழுக்கிறார்கள், நாம் பிடிக்கிறோம். சிறைக்குப் போவதற்கும் உருதுவில் ஓர் உண்ணல் உண்டு: 'ஜேல் கீ ஹவா கானா', சிறையின் காற்றை உண்ணல். தமிழ்நாட்டார் அங்கே களி தின்னச் சொல்வர். உருதுக்காரருக்குக் கிடைப்பது வெறுங் காற்றே!

இத்துணை வேறுபாடுகளை முதன்முதலில் உட்கார்ந்து தொகுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். உருதுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான பேரகராதிகளை முதலில் ஆக்கியவர் உருதுக்காரர் அல்லர். ஆக்கியதும் உருது மாணாக்கருக்காக அன்று. கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக வந்த ஸ்கொத்லாந்துக்காரர் ஜான் கில்கிறிஸ்ட், 1780களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஆங்கில-இந்துஸ்தானி அகராதியொன்றை வெளியிடத் தொடங்கினார். 1848இல் டங்கன் ஃபோர்ப்ஸ், 1879இல் ஃபாலன், 1884இல் பிளாட்ஸ் என அகராதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவையெல்லாம் இந்தியாவை ஆளவந்த ஆங்கிலேயர் உருதுவை விளங்கிக்கொள்ள உதவியவை. விளங்கிக்கொள்ளாவிடில் என்னாகும்? 1837க்குப் பின் கீழ்நீதிமன்றங்களிலிருந்து பாரசீகம் நீங்க, வட இந்தியாவின் பெரும்பகுதியில் சாட்சிகள் சொன்னது இந்துஸ்தானியிலேயே பதிவாயிற்று. தீர்ப்புச் சொல்லும் துரைக்கு நன்கு தெரிந்தது ஆங்கிலம். 'அடி உண்டேன்' என்று அழும் சாட்சிக்கும், 'கைலஞ்சம் உண்டான்' என்று குற்றஞ்சாட்டும் குடியானவனுக்கும் நடுவே நின்றது ஓர் அகராதி. ஃபாலன் சட்டத் துறைக்கெனத் தனி அகராதியும் செய்தார் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

ஃபாலனைப் பற்றி இன்னும் ஓரிரு சொல். புலவர் நூல்களை மட்டும் நம்பாது, மக்கள் வாய்மொழியையும் பழமொழியையும் நாட்டுப்பாடலையும், பெண்கள் தமக்குள் பேசும் பேச்சையும் தேடித் தொகுத்தவர் அவர். ஆணைகளை உண்பதும் காற்றை உண்பதும் வாழ்வது வாய்மொழியிலே அல்லவா? அவருக்கு உதவியாக உழைத்தவர்களுள் ஸையித் அஹ்மத் தெஹ்லவி என்பவர் பின்னர்த் தாமே 'ஃபர்ஹங்கே ஆஸஃபியா' என்ற பெரும் உருது அகராதியைச் செய்து முடித்தார். பிளாட்ஸின் அகராதி சொல்லின் பிறப்பை ஆராய்வதில் மேம்பட்டது. 'கானா' வடமொழிக் 'காத்' என்ற வேரிலிருந்து வந்தது போன்ற செய்திகளை விரும்புவோர் இன்றும் நாடுவது அதையே.

திசை மாறியது இருபதாம் நூற்றாண்டில். 'பாபாயே உருது', அதாவது உருதுவின் தந்தை என்று போற்றப்பட்ட மௌலவி அப்துல் ஹக், அஞ்சுமன் தரக்கீயே உருது என்ற சங்கத்தின் வழியாக 1937இல் பெரிய ஆங்கில-உருது அகராதியொன்றை வெளியிட்டார். 1961இல் கராச்சியில் மறைந்த அவர், உருது மொழிக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். ஆங்கிலேயன் உருதுவைப் படிக்க ஒரு நூல். உருதுக்காரன் ஆங்கிலத்தைப் படிக்க ஒரு நூல். இரண்டும் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தது போலத் தோன்றும், ஆனால் அப்படியன்று. முன்னதில் 'கானா' என்ற ஒரு சொல்லின்கீழ் சத்தியமும் அடியும் காற்றும் துயரமும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கும். பின்னதில் அவையெல்லாம் கலைந்து, சில 'டேக்' என்பதன்கீழும் மற்றவை வேறு வேறு வினைகளின்கீழும் போய்விடும். நம் முன்னோருக்கும் இவ்வனுபவம் உண்டு. உடுவிலில் பணியாற்றிய மிரன் வின்சுலோ பாதிரியார் பெயரால் 1862இல் சென்னையில் வெளிவந்த பேரகராதி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்வது. யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய வேலையே அதற்கு அடித்தளம். அதைக் கொண்டு ஆங்கிலம் வாசிக்க முயன்றவர் கதவின் வெளிப்பக்கத்தில் நின்று உட்தாழைத் தேடுபவராவார்.

பேரகராதிகளில் நமக்குக் குறையில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் சிற்றகராதிகளைப் பற்றியே நமக்கு மனத்தாங்கல். ஒரு வினைக்கு ஒரு சொல், மிஞ்சினால் மூன்று சொல் போட்டு நிறுத்திவிடுகின்றன. அந்த மூன்றில் எதை எங்கே ஆள்வது என்று கூறுவதில்லை. 'டேக்: எடு, வாங்கு, கொள்' என்று வாசிக்கும் பிள்ளை என்ன செய்வான்? தன் வாய்க்கு எளியதை எடுத்துக்கொள்வான். வினைச்சொல் தனியே நிற்கும்போது அதற்குப் பொருள் பாதிதான். எந்தப் பெயரோடு கூடி நிற்கிறது என்று கண்ட பின்னரே மறுபாதி வரும். சத்தியத்தோடு சேர்ந்த 'டேக்' வேறு, குளிசையோடு சேர்ந்த 'டேக்' வேறு, பரீட்சையோடு சேர்ந்த 'டேக்' வேறு. ஆகவே கொப்பியில் நடுக்கோடு போடும் மாணாக்கர் வினையை ஒற்றைச் சொல்லாக எழுதாமல், அதன் கூட்டாளியோடு ஒரு முழு வசனமாகவே இடப்புறத்தில் எழுதட்டும். வலப்புறத்தில் சொல்லுக்குச் சொல் தேடாமல், அதே சந்தர்ப்பத்தில் தம் வீட்டில் என்ன சொல்வார்களோ அதை எழுதட்டும். நாளொன்றுக்குப் பத்துச் சொல் வராது. மூன்று வசனம் வரும். மூன்று போதும்.

இத்தனை வேடம் பூணும் அந்த ஆங்கில வினையின் குலங்கோத்திரத்தையும் சற்றே விசாரிக்கலாம். பழைய ஆங்கிலத்தில் எடுத்தலுக்கு 'நிமன்' என்ற வேறு சொல்லே வழங்கியது. இன்றைய ஜெர்மானியரின் 'நேமன்' அதன் உடன்பிறப்பு. வடகடலைக் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டினேவியர் 'தாகா' என்ற தங்கள் சொல்லைக் கொண்டுவந்தனர். காலப்போக்கில் வந்த சொல் ஆட்சி பெற்றது. இருந்த சொல் வழக்கொழிந்தது. கைகால் மரத்துப்போவதைக் குறிக்கும் 'நம்' என்ற ஆங்கிலச் சொல்லில் அதன் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டது என்பது அதன் பழம்பொருள். எடுத்தல் என்னும் சொல்லையே பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட மொழி ஆங்கிலம்! உருது மட்டும் என்னவாம்? அதன் பெயரே பாசறை என்று பொருள்படும் துருக்கிச் சொல். கும்பல் என்று பொருள்படும் 'ஹோர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரினின்று கிளைத்தது.

ஓரிடத்தில் மாத்திரம் லாகூர் மாணாக்கனும் நம் மாணாக்கனும் கைகோத்து நிற்க, ஆங்கிலேயன் வெளியே நிற்பான். உருதுவின் 'லேனா' வேறொரு வினையின் பின்னே வால்போலவும் வரும். 'கர்னா' செய்தல்; 'கர் லேனா' செய்துகொள்ளல்; 'கர் தேனா' செய்துகொடுத்தல். வாசித்துக்கொள், எழுதிக்கொடு, வைத்துக்கொள் என்று நாம் கூறுவனவற்றையெல்லாம் உருதுக்காரர் அப்படியே கூறுவர். பயன் செய்தவனையே சேருமாயின் 'கொள்', பிறரைச் சேருமாயின் 'கொடு'. 'லே ஜானா' என்றால் கொண்டுபோதல், 'லே ஆனா' என்றால் கொண்டுவருதல், தமிழின் அச்சே. 'கொள்' என்ற நம் துணைவினையை ஓர் ஆங்கிலேயனுக்கு விளக்கப் புகுந்தவருக்கு அதன் அருமை தெரியும். அரைமணி நேரம் பேசிய பின்னும் அவர் முகத்தில் வெளிச்சம் வராது. ஓர் உருதுக்காரருக்கு அரை நிமிடம் போதும்.

ஆங்கிலேயன் விருந்தினரிடம் 'ஓர் இருக்கையை எடுங்கள்' என்கிறான். அதைக் கேட்டு நாற்காலியைத் தூக்கியவர் கதை பலவிதமாக வழங்கும். உருது உபசாரத்தில் நாற்காலிக்கு இடமேயில்லை. 'தஷ்ரீஃப்' என்ற அரபுச் சொல்லுக்குச் சிறப்புச் செய்தல் என்று பொருள். வருக என்பதற்கு 'தஷ்ரீஃப் லாயியே', தங்கள் சிறப்பைக் கொண்டுவாருங்கள். அமர்க என்பதற்கு 'தஷ்ரீஃப் ரக்கியே', அச்சிறப்பை இங்கே வையுங்கள். 'எழுந்தருள்க' என்று நாம் ஒரே வினையில் முடிப்பதை அவர்கள் கொண்டுவரவும் வைக்கவும் செய்கிறார்கள். விருந்தினர் புறப்பட்டுப் போனதைச் சொல்வதற்கும் அதே சொல் உதவுகிறது: 'தஷ்ரீஃப் லே கயே', சிறப்பைக் கொண்டுபோனார். ஆனால் அதை ஏவலாக மாற்றி 'தஷ்ரீஃப் லே ஜாயியே' என்று ஒருவர் முகத்துக்கு நேரே கூறினால், எவ்வளவு இனிய குரலில் கூறினும், வாசற்கதவு திறந்திருக்கிறது என்றே பொருள்.